மண்டபக் கூரைக்கு மெல்லிய எஃகு: செபராங் பிறைப் பட்டறை ஒன்றின் சி, இசட் சட்டங்கள் பற்றிய மதிப்பீடு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் சங்க மண்டபத்தின் மரக்கூரையைக் கரையான் அரித்துவிட்டதால், அதைக் கழற்றிவிட்டு மெல்லிய எஃகுச் சட்டங்களை முக்கோணங்களாக இணைத்துச் செய்யும் ட்ரஸ் கூரையை அமைத்தோம். மண்டபத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கொட்டகைக்கான பர்லின்களையும், அதாவது கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களையும், அதே பட்டறையில்தான் வாங்கினோம். இரண்டுமே எஃகுத் தகட்டைச் சூடாக்காமல், இருக்கும் நிலையிலேயே உருளைகளுக்கு இடையில் செலுத்தி வளைத்துச் செய்யப்படும் பொருள்கள். விலை கேட்பது முதல் வேலை முடியும்வரை மேற்பார்வை என் பொறுப்பில் இருந்தது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பட்டறையின் பெயரை இங்கு எழுதவில்லை. பிறை, புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட் வட்டாரங்களில் இத்தொழிலைச் செய்வோர் பலர் இருப்பதால், யாரிடம் வாங்கினாலும் பார்க்க வேண்டியவை ஏறக்குறைய இவைதாம்.

பொருள் நல்லது, மீண்டும் வாங்குவேன். ஆனால் எஃகின் எடைக்கு விலை கொடுக்கிறோம் என்று நினைத்து இதை வாங்குபவர் ஏமாறுவார். இவ்வளவு மெல்லிய தகட்டைத் தாங்குதிறன் உள்ளதாக ஆக்குவது அதன் வடிவமும், பொறியாளரின் வரைபடமும், அந்த வரைபடத்தில் குறித்த இடத்தில் குறித்த எண்ணிக்கையில் இறங்கும் திருகாணிகளுமே. ஆகவே ஒரு பட்டறையைத் தராசை வைத்து எடைபோடாமல் இந்த மூன்றையும் அது எப்படிக் கையாளுகிறது என்பதை வைத்தே எடைபோட வேண்டும்.

முதலில் தடிப்பு, ஏனெனில் விலைப்பட்டியலிலேயே குழப்பம் தொடங்குவது அங்குதான். எங்களுக்கு வந்த பட்டியலில் ட்ரஸ் சட்டத்தின் தடிப்பு 0.80 மில்லிமீட்டர் என்று இருந்தது; பொறியாளரின் கணக்கிலோ 0.75 என்று இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று பட்டறைக்காரர் சொன்னார். அது பெரும்பாலும் உண்மையே. தகட்டின் தடிப்பைப் பூச்சு நீங்கலாகவும் சொல்லலாம், பூச்சையும் சேர்த்தும் சொல்லலாம். பொறியாளர் முன்னதை வைத்துக் கணக்கிடுகிறார், விற்பவர் பின்னதைச் சொல்லிப் பழகியிருக்கிறார். இவ்வகைச் சட்டங்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஏஇசட்150 என்ற அலுமினிய-துத்தநாகப் பூச்சு, இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் என்ற அளவில் இருக்கும். தடிப்பாகச் சொன்னால் இரு பக்கமும் கூடி ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர். ஆகவே அடித்தகடு 0.75 உள்ள சட்டத்தை மைக்ரோமீட்டரில் பிடித்தால் 0.79 அளவில் காட்ட வேண்டும். அங்கே 0.75 என்றே காட்டுமானால் அடித்தகடு 0.71தான் இருக்கிறது, வாங்கியவருக்கு இருபதில் ஒரு பங்கு எஃகு வந்து சேரவில்லை. ஆலைத் தகட்டில் சிறு ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்பட்டதுதான் என்றாலும், அளந்த இடமெல்லாம் ஒரே பக்கமாகக் குறைந்தால் அதை ஏற்றத்தாழ்வு என்று ஏற்றுக்கொள்ள முடியாது. எங்கள் சட்டங்களைப் பல கட்டுகளிலிருந்து எடுத்து அளந்தோம். கணக்கு சரியாக இருந்தது. அளக்கக் கேட்டபோது பட்டறையில் முகம் சுளிக்கவில்லை என்பதும் அவர்கள் பக்கம் சேர வேண்டிய மதிப்பெண்.

அடுத்து, ஜி550 என்று விளம்பரங்களில் பெரிதாகப் போடப்படும் எண். தகட்டின் நெகிழ்வு வலிமை, அதாவது நிரந்தரமாக நீண்டுவிடாமல் அது தாங்கும் எல்லை, 550 மெகாபாஸ்கல் என்பது அதன் பொருள். கட்டடங்களில் நாம் காணும் சாதாரண எஃகு உத்திரங்களில் பலவற்றுக்கு இது 275 அளவில் இருப்பதால், இருமடங்கு வலிமை என்று விற்பவர்கள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அந்த எண்ணோடு சேர்ந்து வரும் இரண்டு செய்திகளை யாரும் சொல்வதில்லை. இவ்வளவு இறுகிய மெல்லிய தகடு இழுபட்டு நீளும் தன்மையில் குறைந்தது என்பதால், ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரவிதியான ஏஎஸ்/என்இசட்எஸ் 4600, 0.9 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஜி550 தகட்டின் வலிமையில் பத்தில் ஒன்பது பங்கை மட்டுமே, அதாவது 495ஐ மட்டுமே, கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, 0.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இன்னும் குறைக்கிறது. இரண்டாவது செய்தி, வலிமை இருமடங்கானாலும் விறைப்பு கூடுவதில்லை. சுமையில் எவ்வளவு தொய்யும் என்பதில் எல்லா எஃகும் ஏறத்தாழ ஒன்றே. எனவே கூரை தொய்வதைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு ஜி550 என்ற எண் தனியாக எந்த உறுதியையும் தருவதில்லை. சட்டத்தின் உயரமும் ட்ரஸின் அமைப்பும்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பனையோலை அதன் மடிப்புகளால் விறைத்து நிற்பதைப் போலத்தான் இந்தச் சட்டங்களும் நிற்கின்றன. தட்டையான தகட்டைச் சி வடிவில் வளைத்து, இரு விளிம்புகளையும் உள்நோக்கி மீண்டும் ஒருமுறை சிறிதாக மடிக்கிறார்கள். பார்வைக்கு அழகுக்காகச் செய்தது போலத் தோன்றும் அந்தச் சிறிய உதடு இல்லாவிட்டால், அழுத்தம் ஏறும்போது பக்கத் தகடு அலையலையாக நெளிந்துவிடும். மெல்லிய எஃகு முறிந்து விழுவதைவிட நெளிந்து விழுவதே வழக்கம்: தகட்டின் ஒரு பகுதி மட்டும் நெளியலாம், உதடும் பக்கமும் சேர்ந்து மடங்கலாம், அல்லது சட்டம் முழுவதுமே முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் சாயலாம். பழைய எஃகு விதிகள் இவற்றைக் கணக்கிடப் போதாமையால்தான், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் விண்டர் 1939இல் இதற்கெனத் தனி ஆய்வைத் தொடங்கினார். அதன் பயனாக அமெரிக்க இரும்பு எஃகு நிறுவனம் 1946இல் முதல் வடிவமைப்பு விதிகளை வெளியிட்டது. இன்றும் இந்தச் சட்டங்களுக்கான கணக்கு வேறு, தடித்த எஃகு உத்திரத்துக்கான கணக்கு வேறு. வீட்டு வரைபடம் போடுபவர் ஒருவரே அனுபவத்தை வைத்து அளவு சொல்லிவிடக்கூடிய பொருள் அன்று இது.

எடையின் வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். கொட்டகைக்கு வாங்கும் பர்லின்களில் சி15015 என்று ஒன்று உண்டு. 150 என்பது ஏறத்தாழ உயரம், கடைசி 15 என்பது 1.5 மில்லிமீட்டர் தடிப்பு. இது மீட்டருக்கு 3.6 கிலோ எடையுள்ளது. சூட்டில் உருட்டிச் செய்த அதே உயரமுள்ள 75 மில்லிமீட்டர் அகலச் சேனல் (ப வடிவ உத்திரம்) மீட்டருக்கு 18 கிலோவை ஒட்டி வரும். இரண்டும் ஒரே சுமையைத் தாங்கா என்பது உண்மைதான். ஆனால் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூட எட்டாத கூரைத் தகட்டைத் தாங்க அந்தப் பதினெட்டுக் கிலோவுக்கு அவசியமே இல்லை. இருவர் கையில் தூக்கி மேலே கொடுத்துவிடலாம் என்பது எங்களைப் போல் கிரேன் நுழைய முடியாத சந்தில் இருப்பவர்களுக்குப் பெரிய வசதி.

பட்டறையைப் போய்ப் பார்ப்பது நேரத்தை வீணாக்குவது என்று எங்கள் குழுவில் சிலர் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தகட்டுச் சுருள் ஒரு முனையில் பிரிந்து, வரிசையாக நிற்கும் உருளை இணைகளுக்குள் நுழைந்து, ஒவ்வோர் இணையிலும் சிறிது சிறிதாக வளைந்து, மறுமுனையில் துளையிடப்பட்டு, நீளம் அறுக்கப்பட்டு, எந்த ட்ரஸின் எந்த உறுப்பு என்ற எண் மையில் அச்சிடப்பட்டு வெளிவருகிறது. கணினி வரைபடத்திலிருந்தே எந்திரத்துக்கு அளவுகள் போவதால், வெட்டியதில் ஒரு பிழையும் நான் காணவில்லை. சுருளோடு வந்த ஆலைச் சான்றிதழைக் காட்டச் சொன்னேன். தகட்டின் தரமும் பூச்சின் அளவும் அதில் இருந்தன. பதிவுபெற்ற பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடத்தைத் தருவதற்கு மட்டும் இழுத்தடித்தார்கள். முன்பணம் கொடுத்த பிறகுதான் தருவோம் என்றார்கள். ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தோம். 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் உள்ளூராட்சி மன்றத்துக்குக் கொடுக்க வேண்டிய ஆவணங்களில் இந்த வரைபடம் இல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கட்டட உரிமையாளர்தான், பட்டறைக்காரர் அல்லர்.

பொருள் வந்து இறங்கிய விதத்தில்தான் அவர்கள் மதிப்பெண்ணை இழந்தார்கள். லோரியில் தார்ப்பாய் இல்லாமல் மழையில் கொண்டுவந்து, மரக்கட்டைகூடப் போடாமல் தரையில் அடுக்கிவிட்டுப் போனார்கள். பூச்சுள்ள தகடுகள் நெருங்கி அடுக்கப்பட்டு இடையில் நீர் தேங்கினால், காற்றுப் படாத அந்த இடங்களில் பூச்சு கறுத்துக் கறைபடும். பல கட்டுகளில் அந்தக் கறை வந்தது. வலிமைக்கு உடனடியாகக் குறைவில்லை என்றாலும், கூரைக்கு மேலே ஏறுவதற்கு முன்பே பூச்சின் ஆயுளில் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்டார்கள் என்பதே என் குறை. மையில் அச்சிட்ட எண்களும் சிலவற்றில் மங்கியிருந்தன. இதைவிடப் பெரிய குறை, ட்ரஸைச் சுவரோடு பிணைக்கும் தாங்கிகள் எண்ணிக்கையில் குறைந்தன. கேட்டதற்கு, ஒன்றுவிட்டு ஒன்றுக்குப் போட்டால் போதும் என்று தொலைபேசியில் பதில் வந்தது. வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் போடச் சொல்லியிருக்கும்போது அந்தப் பதிலை ஏற்க முடியாது என்று சொல்லி வேலையை நிறுத்திய பிறகே மீதி வந்தது.

இந்த இடத்தில் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய கூரையில் சிமெண்ட் ஓடுகள் இருந்தன; சதுர மீட்டருக்கு நாற்பது கிலோவுக்கு மேற்பட்ட எடை. அந்த எடையே கூரையைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டுத் தகட்டுக் கூரை போட்டதும் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது: கீழ்நோக்கும் சுமை பிரச்சினையே இல்லை, மேல்நோக்கி உறிஞ்சும் காற்றுத்தான் எதிரி. மேற்குக் கரையில் இருக்கும் நமக்குச் சுமத்ரா பக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி வரும் சூறைக்காற்று புதிதன்று. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப் போட்ட புயல்மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எடை குறைந்த கூரைக்குத் தாங்கியும் ஆணியும் குறைந்தால் போதும் என்று தோன்றுவது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது.

பொருத்திய குழுவினர் பட்டறையின் ஆள்களே. கைச்சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. தானே துளையிட்டுக்கொண்டு இறங்கும் அறுகோணத் தலைத் திருகாணிகளால் எல்லா இணைப்புகளையும் செய்தார்கள். பற்றவைப்பு எங்கும் இல்லை, இருக்கவும் கூடாது. பற்றவைத்தால் பூச்சு எரிந்துபோகும், குளிர்நிலையில் தகடு பெற்ற இறுக்கமும் அந்த இடத்தில் தளர்ந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் நீளம் சரிசெய்ய அரைக்கும் சக்கரத்தால் அறுக்கத் தொடங்கினார்கள். தெறிக்கும் சூடான பொறித்துகள்கள் பூச்சில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும் என்பதால் கத்தரியால் வெட்டச் சொன்னோம். ட்ரஸ்களை நிறுத்தும்போது ஒவ்வொன்றையும் தற்காலிகக் குறுக்குச் சட்டங்களால் முந்தையதோடு கட்டிய பிறகே அடுத்ததைத் தூக்கினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. இவ்வகை ட்ரஸ் நீளவாக்கிலும் உயரவாக்கிலும் விறைப்பானது, பக்கவாட்டிலோ விறைப்பு ஒன்றுமே இல்லை. நிறுத்தும் வேளையில் முதலாவது சாய்ந்தால் வரிசை முழுவதும் சாயும். எல்லாம் நின்ற பிறகு போட வேண்டிய மூலைவிட்டப் பட்டைகளையும் வரைபடத்தின்படியே போட்டார்கள். பின்னர் வந்த மின்வேலைக்காரர் குழாய் செல்ல இடமில்லை என்று ட்ரஸின் நடுவிலுள்ள ஒரு குறுக்கு உறுப்பை வெட்ட முனைந்ததைத் தடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ட்ரஸில் வேண்டாத உறுப்பு என்று ஒன்று கிடையாது.

கொட்டகைக்கு இசட் பர்லின்கள். இசட் வடிவத்தின் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் அகலத்தில் சிறிது வேறுபடும். அதனால் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் மற்றொன்றுக்குள் அமர்ந்துகொள்ளும். உத்திரத்தின்மேல் இரு பர்லின்கள் சந்திக்கும் இடத்தில் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து எம்12 போல்ட்டுகளால் இறுக்கும்போது, வளைவு மிக அதிகமாக ஏற்படும் அதே இடத்தில் எஃகு இரட்டிப்பாகிறது. இதை மிக நேர்த்தியாகச் செய்திருந்தார்கள். ஆனால் முதல் விலைப்பட்டியலில் பர்லின்களுக்கிடையே வரிசையாகப் போட வேண்டிய இணைப்புத் தண்டுகளே இல்லை. மற்ற பட்டறைகளைவிட விலை குறைவாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கூரைத் தகடு மேல் பக்கத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. காற்று மேலே உறிஞ்சும்போது அழுத்தத்துக்கு உள்ளாவதோ பிடிப்பில்லாத கீழ்ப் பக்கம். அந்த வேளையில் பர்லின் முறுக்கிக்கொள்ளாமல் தடுப்பவை அந்தத் தண்டுகளே. இரண்டு பட்டறைகளின் விலையை ஒப்பிடுபவர் முதலில் இந்த வரி இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

விலை ஒப்பீட்டில் இன்னொரு பொறியும் உண்டு. சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லும்போது, தரைப்பரப்பை வைத்தா, சரிவின் பரப்பை வைத்தா என்று கேட்க வேண்டும். 25 பாகைச் சரிவில் பின்னது முன்னதைவிடப் பத்து விழுக்காடு அதிகம். எங்களுக்கு வந்த விலைகளில் மலிவாகத் தெரிந்த ஒன்று, இந்தக் கணக்கைப் போட்ட பிறகு நடுவில் போய் நின்றது.

கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களுக்கு நான் இதே பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன். பாகான் ஆஜாம் போன்ற கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்று திறந்த கொட்டகைக்குள் புகுந்து பர்லின்களின்மேல் படியும். வெளியே இருக்கும் கூரைத் தகட்டை மழை கழுவிவிடும். அடியில் இருக்கும் சட்டத்தைக் கழுவ ஒன்றுமில்லை என்பதால் அதுதான் முதலில் துருப்பிடிக்கும். அங்கெல்லாம் கனத்த பூச்சும் அதற்கேற்ற திருகாணியும் கேட்க வேண்டும். உத்தரவாதத்தில் கடலிலிருந்து எவ்வளவு தொலைவு என்ற நிபந்தனையையும் படித்துவிட வேண்டும். கோயில் கட்டடங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஈரச் சிமெண்டும் சுண்ணாம்புச் சுதையும் காரத்தன்மை உள்ளவை, அலுமினியம் கலந்த பூச்சை அவை அரித்துவிடும். சுதை வேலை நடக்கும் இடத்தில் சட்டங்களை மூடிவைக்க வேண்டும்; சுவருக்குள் புதைத்துப் பூசவே கூடாது. செப்புக் குழாயோ செப்புக் கம்பியோ சட்டத்தைத் தொட்டுக்கொண்டு இருப்பதும் ஆகாது. ஜார்ஜ் டவுன் மரபு வலயத்துக் கடைவீடுகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தக் கட்டடங்களின் கூரையில் கைவைப்பதற்கு முன் மரபு விதிகளைப் பார்க்க வேண்டும் என்பதே பதில். கரையான் தொல்லை அங்கே தனி வாதமாக எடுபடாது.

குடிபுகுந்த பிறகு தெரிய வந்தவை சில. வெயில் தாழும் வேளையில் கூரையிலிருந்து சிறு ‘டக் டக்’ ஓசைகள் எழும். எஃகு சுருங்குவதன் ஓசை அது, கெடுதல் இல்லை. வெப்பத்தையோ மழையின் இரைச்சலையோ சட்டம் குறைக்காது. அதற்குத் தகட்டின் அடியில் காப்புப் பஞ்சு போட்டே ஆக வேண்டும், அதை மிச்சம் பிடித்தால் மழை நாளில் நிகழ்ச்சி நடத்த முடியாது. தீயில் இவ்வளவு மெல்லிய எஃகு மிக விரைவாகச் சூடேறி வலுவிழக்கும் என்பதால், சமையல் பகுதிக்கு மேலே ஜிப்சம் பலகையால் மூடினோம். மின்விசிறிகளைத் தொங்கவிடும் இடங்களை முன்கூட்டியே பொறியாளரிடம் சொல்லி, உறுப்புகள் சந்திக்கும் முனைகளில் மட்டும் தொங்கவிட்டோம். தண்ணீர்த் தொட்டியை ட்ரஸின்மேல் வைக்கவே இல்லை. ஆயிரம் லிட்டர் நீர் ஒரு டன் எடை, அதற்குத் தனித் தாங்குமேடை சுவரிலிருந்தே எழுப்பப்பட்டது.

இதே பட்டறை சரக்கு அலமாரிகளுக்கான துளையிட்ட தூண்களையும், பலகைத் தடுப்புச் சுவர்களுக்கான மெல்லிய சட்டங்களையும் செய்து தருகிறது. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலும் பிறையின் கிடங்குகளிலும் உயர்ந்து நிற்கும் அலமாரிகள் பெரும்பாலும் இந்த வகை எஃகுதான். பாத்திர அறைக்கு ஒரு சிறிய வரிசை வாங்கினோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓடும் கிடங்குக்கு வாங்குபவர் மட்டும் தூணின் அடியில் காப்புக் கவசத்தையும் சேர்த்து வாங்கட்டும். இடிபட்டு நெளிந்த தூணைத் தட்டி நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகும், பழைய தாங்குதிறன் திரும்பாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

வேலை முடிந்ததும், நிறுவியபடி திருத்திய வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். கேட்காமல் தரும் வழக்கம் அவர்களிடம் இல்லை. இப்போது கூரையின்மேல் சூரிய மின்பலகைகள் போடலாமா என்ற பேச்சு குழுவில் நடக்கிறது. பலகையும் தாங்கியும் சேர்ந்து சதுர மீட்டருக்குப் பத்து முதல் பதினைந்து கிலோ வரும். தகட்டுக் கூரைக்கென்று கணக்கிட்ட ட்ரஸுக்கு அது சிறிய கூடுதல் அன்று. மின்பலகை விற்க வந்தவர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தாங்கும் என்றார். வரைபடத்தைப் பொறியாளருக்கு அனுப்பியிருக்கிறோம். அவர் எழுத்தில் பதில் தரும்வரை முன்பணம் கொடுப்பதாக இல்லை.